முடிந்த பதிவுகளை மட்டும் நகலெடுத்தது பற்றி

பெயர், தகப்பனார் பெயர், முகவரி ஆகியவை மேல்தாளில் எழுதியபடி. வயது எழுபத்தொன்று. வானிலை அலுவலகத்தின் கணக்கீட்டுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். தற்போது பார்வையற்ற மாணவர்களுக்கான ஒலிநூல் கூடத்தில் சம்பளம் இல்லாத வாசிப்பாளர். யாரும் அழைக்காமல் தானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில், எழுத்தர் எழுத, அவர் சொன்னதாவது:

நான் சொல்ல வேண்டியவற்றை வீட்டிலேயே வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருக்கிறேன். இன்று காலை குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன். ஆனாலும் பேசத் தொடங்கினால் பதற்றத்தில் பின்னது முன்னதாகிவிடும் என்ற பயம் இருப்பதால், முதலில் அந்த வரிசையை மட்டும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். இது வழக்கமில்லை என்று எழுத்தர் சொன்னார். ஆய்வாளர் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

1. நான் யார், ஒலிநூல் கூடத்துக்கு எப்படி வந்தேன் என்பது.
2. முடிந்த பதிவுகளை மட்டும் பொறுக்கி நகலெடுக்க நான் ஒரு பேட்ச் கோப்பு எழுதியது, அதற்கான காரணம்.
3. அந்தக் கட்டளையில் நான் சேர்த்த ஓர் எழுத்து செய்த வேலை.
4. வட்டு நின்றுபோனபோது நடந்தது, ஒலிப்பதிவாளர் மேல் கொடுத்த புகார் ஏன் பொருந்தாது என்பது.
5. பதிவுகள் தொலைந்துபோகவில்லை என்பது.
6. இந்தக் காரியம் என்னைத் தவிர வேறு யாருக்கும், என் மனைவிக்குக்கூட, தெரியாது என்பது.

முதல் குறிப்பு. நானும் என் மனைவியும் மட்டும் வசிக்கிறோம். ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் பொழுதைக் கழித்து வந்தேன். அங்கே பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்ய ஆட்கள் வேண்டும் என்ற அறிவிப்பைப் பார்த்தேன். அதன் பிறகு பல நாள் அந்த அறிவிப்பின் முன்னால் நின்று படித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். நூலகர்தான் ஒருநாள் அதைப் பலகையிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்து, இனி வீட்டில் வைத்துப் படியுங்கள் என்றார். அதன் பிறகு போய்ச் சேர்ந்தேன்.

கூடம் ஒரு தையற்கடையின் மாடியில் மூன்று சிறிய அறைகளில் இருக்கிறது. பதிவறையின் சுவர்களில் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கிறது. பதிவு நடக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். கீழே தையல் இயந்திரங்கள் ஓடினால் தரை வழியாகச் சத்தம் ஏறி வரும் என்பதால், அவை நிற்கும் மாலை நேரத்தை எல்லாரும் விரும்புவார்கள். அதில் கடைசி வாசிப்பு முறை எனக்குக் கிடைத்தது. நான் கேட்டு வாங்கவில்லை, அந்த நேரத்தில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னதால் அது எனக்கு மிஞ்சியது.

எனக்கு முந்தைய முறை, பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. அவரை எல்லாரும் வெண்கலம் என்று கூப்பிடுவோம். அவர் வரலாறு வாசித்தால் கண்ணாடித் தடுப்பு அதிரும். அதன் பிறகு அதே நாற்காலியில் உட்கார்ந்து நான் விலங்கியல் வாசிப்பேன்.

பதிவுகளைத் திருத்தி முடிக்கும் ஒலிப்பதிவாளர் முப்பது வயதுப் பெண். இருமல், எச்சில் விழுங்கல், பக்கம் புரட்டும் சத்தம் எல்லாவற்றையும் வெட்டி எடுப்பதால் அவருக்குக் கத்திரி என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது அவரேதான். நான் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் என்னிடம், "சார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னாடி மன்னிப்பு கேக்குற மாதிரி ஒரு மூச்சு விடுறீங்க. அதை வெட்டியே என் கை ஓஞ்சுபோச்சு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். அதன் பிறகு அன்று முழுவதும் மூச்சு விடுவதே எனக்குக் கடினமாக இருந்தது.

இரண்டாவது குறிப்பு. அந்த மூச்சு எங்கெங்கே வருகிறது என்று நானே கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். கூடத்திலேயே கேட்கலாம், ஆனால் அங்கே கத்திரியின் காதும் இருக்கும். என் குரலை நான் கேட்பதை இன்னொருவர் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்றால், வெளியிலிருந்து பென் டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று மேலாளர் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். ஒருமுறை யாரோ கொண்டுவந்த பென் டிரைவால் கணினிகள் வாரக்கணக்கில் படுத்துவிட்டனவாம். விதி நியாயமானது. அதை நான் மீறினேன் என்பதை இங்கே தெளிவாக எழுதிக்கொள்ளும்படி எழுத்தரிடம் கேட்டுக்கொண்டேன். பென் டிரைவை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு சில நாள் கூடத்துக்குப் போய், சொருகாமலே திரும்பி வந்தேன். அதன் பிறகு சொருகினேன்.

என் பதிவுகளை மட்டும் எடுக்காமல் எல்லாருடைய பதிவுகளையும் ஏன் எடுத்தேன் என்று ஆய்வாளர் கேட்டார். வெண்கலம் எப்படி வாசிக்கிறார் என்று பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்தால்தான் என் குறை எனக்குத் தெரியும் என்று நினைத்ததே காரணம். வேறு நோக்கம் இல்லை. இதை வெண்கலத்திடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். இது வழக்குக் காகிதம், கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும் என்று எழுத்தர் சொன்னார்.

நகலெடுத்த விதம் பின்வருமாறு. கூடத்தில் பொது வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், ஒன்று உண்டு. அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் உறை, அதாவது ஃபோல்டர், அதற்குள் மூன்று வகைக் கோப்புகள் இருக்கும். ஒன்று, வாசித்தது வாசித்தபடி இருக்கும் மூலப் பதிவு. இரண்டு, எங்கே வெட்ட வேண்டும் என்று கத்திரி குறித்துவைக்கும் வேலைக் கோப்பு. இதில் குரல் இருக்காது. மூன்று, முடிந்த பதிவு. இதுதான் மாணவர்களுக்குப் போவது. முடிந்ததும் மூலப் பதிவை இடம் அடைக்கிறது என்று அழித்துவிடுவார்கள். எனக்கு வேண்டியது மூன்றாவது வகை மட்டும். ஒவ்வொரு பாடமாகத் திறந்து ஒவ்வொரு கோப்பாகச் சுட்டி எடுத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள். பழைய அலுவலகத்தில் நாங்கள் கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்தே மழைக்கணக்கு முழுவதையும் நகர்த்துவோம். அந்தப் பழக்கத்தில் நான்கைந்து கட்டளைகளை ஒரு பேட்ச் கோப்பாக எழுதினேன். அதாவது, கட்டளைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி ஒரு பெயர் கொடுத்து வைத்துவிட்டால், அந்தப் பெயரை இருமுறை சொடுக்கினால் போதும், கணினி வரிசையாகச் செய்து முடித்துவிடும். எல்லாப் பாட உறைகளுக்குள்ளும் போய், முடிந்த பதிவு என்று பெயரின் கடைசியில் வரும் வால்பெயர் காட்டும் கோப்புகளை மட்டும் எடுத்து, அதே உறைப் பெயர்களுடன் என் பென் டிரைவில் வை என்பதே அதன் சாரம்.

முதல் நாள் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் மறுநாளும் எல்லாவற்றையும் முதலிலிருந்து நகலெடுத்தது. கத்திரி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்று, பூட்டலாமா என்று கேட்டார். காலணிக் கயிறு கட்டுகிறேன், ஒரு நிமிடம் என்றேன். அவர் என் காலைப் பார்த்தார். நான் செருப்பு அணிந்திருந்தேன். அதன் பிறகு, புதிதாக முடிந்தவற்றை மட்டும் எடுக்க வழி உண்டா என்று தேடினேன்.

மூன்றாவது குறிப்பு. இது ஆய்வாளருக்கும் எழுத்தருக்கும் புரியும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். அந்த நகல் கட்டளையிடமே அதன் விளக்கத்தைக் கேட்கலாம். கேட்டால் திரை நிறைய எழுத்துகளின் பட்டியல் வரும். அதில் ஏ என்ற எழுத்தும் எம் என்ற எழுத்தும் அடுத்தடுத்து இல்லாவிட்டாலும் அண்ணன் தம்பி போன்றவை. ஒவ்வொரு கோப்பின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி உண்டு. கோப்பு புதிதாகப் பிறந்தாலோ மாறினாலோ கணினி தானாகவே அந்தக் குறியைப் போடும். இன்னும் நகலெடுக்கவில்லை என்று அதற்குப் பொருள். ஏ போட்டால், குறி உள்ள கோப்புகளை நகலெடுத்துவிட்டுக் குறியை அப்படியே விட்டுவிடும். எம் போட்டால், நகலெடுத்துவிட்டுக் குறியை நீக்கிவிடும். ஏ போட்டுப் பார்த்தேன், மறுநாளும் பழையவை எல்லாம் வந்தன. எம் போட்டேன். முதல் நாள் எல்லாம் வந்தன, மறுநாள் அன்று முடிந்த பதிவுகள் மட்டும் வந்தன. நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று பேருந்தில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரியாமல் இருந்தது என்னவென்றால், கூடத்துக்கும் சொந்தமாக ஒரு நகல் ஏற்பாடு இருந்தது. முன்பு எப்போதோ ஒருவர் செய்து வைத்துப் போனது. தினமும் கத்திரி கணினியை அணைக்கும்போது அது தானாக ஓடி, மேலாளரின் அலமாரியில் இருக்கும் இரண்டாவது வட்டில் அன்றைய கோப்புகளைச் சேர்க்கும். அதுவும் அதே குறியைப் பார்த்துத்தான் சேர்க்கும், ஆனால் குறியை நீக்காது. கடைசி முறை என்னுடையது என்பதால், தினமும் நான் எழுந்து போன சில நிமிடங்களில் அது ஓடியது. முடிந்த பதிவுகளின் குறியை என் கட்டளை ஏற்கெனவே நீக்கியிருக்கும். அதனால் அது அவற்றைத் தாண்டிப் போய், குறி மாறாமல் இருந்த வேலைக் கோப்புகளை மட்டும் பத்திரமாகச் சேர்த்து வந்தது. பொது வட்டில் அழித்த மூலப் பதிவுகளை இரண்டாவது வட்டிலிருந்தும் அதுவே நீக்கிவிடும்.

இந்த இடத்தில் ஆய்வாளர், "அதாவது நீங்க மனுவை வாங்கிட்டு டிக் அடிச்சுட்டீங்க. பின்னாடி வந்தவரு டிக்கைப் பாத்துட்டு, ஓ முடிஞ்சுதுன்னு போயிட்டாரு. அதானே?" என்றார். அதுதான் என்றேன். இந்த நிலையத்திலும் அப்படி நடப்பதுண்டு என்று சொல்லி, பிறகு அதை எழுத வேண்டாம் என்றார். எழுத்தர் அதற்குள் எழுதிவிட்டார்.

நான்காவது குறிப்பு. முந்தாநாள் பொது வட்டு கடக் கடக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. பழுது பார்ப்பவர் வந்து அதன் மேல் காதை வைத்துக் கேட்டு, டாக்டர்போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். யாரும் கலங்கவில்லை, இரண்டாவது வட்டு இருக்கிறதே என்று மேலாளர் சொன்னார். நேற்று மாலை வாசிப்பாளர்கள் எல்லாரும் இருக்கும்போது அதை அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்தார்கள். பாட உறைகள் எல்லாம் இருந்தன. வேலைக் கோப்புகள் எல்லாம் இருந்தன. கடந்த சில மாதங்களில் முடிந்த பதிவுகள், சில நாட்களுடையவை தவிர, இல்லை. கத்திரி திரையைப் பார்த்துக்கொண்டே, "உறை எல்லாம் இருக்கு. உள்ள கடிதம்தான் இல்ல" என்றார். மாணவர்களுக்குத் தேர்வு அடுத்த மாதம்.

அதன் பிறகு மேலாளர், இது தானாகக் கெட்டதாக இருந்தால் எல்லாம் கெட்டிருக்கும், முடிந்த பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும் என்றால் வேலை தெரிந்த ஆள்தான் செய்திருக்க வேண்டும் என்றார். மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னது சரியான தர்க்கம். அந்த வேலை தெரிந்த ஆள் கத்திரி ஒருவர்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவர் வேறொரு ஒலிப்பதிவு நிறுவனத்தில் வேலை கிடைத்து அடுத்த வாரம் போகவும் இருந்தார். போகும்போது பதிவுகளைச் சீதனமாக எடுத்துக்கொண்டு போகிறாளா என்று மேலாளர் கேட்டார். கத்திரி கழுத்தில் மாட்டியிருந்த காதொலிப்பானைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். புகார் நிரூபணமானால் அந்தப் புதிய வேலை போவது மட்டுமல்ல, வேறு எந்தக் கூடமும் அவரைக் கதவுக்கு உள்ளே விடாது.

அதன் பிறகு மேலாளர், மிஞ்சியிருக்கும் பதிவுகள் எந்தெந்த நாட்களுடையவை என்று பார்க்கச் சொன்னார். வெண்கலம் தேதிகளைத் திரையிலிருந்து வாசித்தார். பழக்கத்தில், புறப்படும் பேருந்துகளைச் சொல்வதுபோலவே வாசித்தார். முதலில் அவர் சொன்னது என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய வாரம். அதன் பிறகு சொன்னது மகள் குழந்தையோடு வந்து தங்கிய நாட்கள். அதன் பிறகு சொன்னது மழையில் எங்கள் பகுதிப் பேருந்து ஓடாத நாள். நான் உட்கார்ந்துவிட்டேன். கூடத்தில் எல்லாரும் வந்து, நான் மட்டும் வராத நாட்கள் அவை. நான் வராத நாட்களில்தான் பதிவுகள் பத்திரமாக இருந்தன.

அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். நான்கு முறை வாயைத் திறந்தேன். மணிக்கணக்கில் பிழையில்லாமல் வாசிக்கப் பழகிய எனக்கு, முன்னால் புத்தகம் இல்லாதபோது ஒரு வாக்கியம்கூட வரவில்லை. நான் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்துப் பல் இன்னும் வலிக்கிறதா என்று வெண்கலம் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் நேற்றே புகார் எழுதிக் கொடுத்தார். இன்று காலை நிலையத்துக்கு வரும்படி கத்திரிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அதன் பிறகு இன்று காலை, பல்பு வாங்கப் போகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக இங்கே வந்தேன். மேலாளர் ஆய்வாளரின் மேஜைக்கு எதிரே இருந்தார். கத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டு, "உங்களையும் கூப்பிட்டுட்டாங்களா சார்? அடப்பாவமே, நீங்க ஒரு ஈயைக்கூட அதட்ட மாட்டீங்களே" என்றார். நான் உட்காரவில்லை.

ஆகவே, முடிந்த பதிவுகள் இரண்டாவது வட்டில் சேராமல் போனதற்கு நான் ஒருவனே காரணம். கத்திரிக்கு அதில் சம்பந்தம் இல்லை.

ஐந்தாவது குறிப்பு. வட்டு நின்றாலும் பதிவுகள் போய்விடவில்லை, நான் எடுத்த நகல்கள் எல்லாம் இந்தப் பென் டிரைவில் இருக்கின்றன என்று சொல்லி, அதைக் கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். ஆய்வாளர் அதைக் கத்திரியிடம் கொடுத்து நிலையத்துக் கணினியில் திறக்கச் சொன்னார். அவளிடமா கொடுப்பது என்று மேலாளர் கேட்டார். அப்படியானால் நீங்கள் திறந்து காட்டுங்கள் என்று ஆய்வாளர் சொன்னார். மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கத்திரி திறந்தார். கடைசிச் சில வாரங்களின் பதிவுகள் இருந்தன. அதற்கு முந்தையவை ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் வாக்குமூலம் சிறிது நேரம் நிறுத்தப்பட்டது. எழுத்தர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

நான் எழுதிய பேட்ச் கோப்பில் அழிக்கும் கட்டளை கிடையாது. அதை மனதுக்குள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஓட்டிப் பார்த்தேன். மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். கிடையாது. ஆனால் இரவில் மனைவி தூங்கிய பிறகு அன்றன்றைக்கு வந்த பதிவை மட்டுமே நான் கேட்பது வழக்கம், பழைய உறைகளைத் திறந்து பார்த்ததே இல்லை. இத்தனை மாதமாகியும் பென் டிரைவ் நிரம்பவே இல்லையே என்று ஒருமுறை தோன்றியது. நல்ல தரமான பொருள் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால் அது ஏற்கக் கூடிய காரணமே அல்ல. மேலாளர், இரண்டு பேரும் கூட்டு என்பது தெரிந்துவிட்டதே என்று ஆய்வாளரிடம் சொன்னார். கத்திரி என் பக்கம் திரும்பி, "சார், பதறாம யோசிங்க. வேற எங்கயாச்சும் எடுத்து வெச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். சொல்ல வந்து, அவரை இன்னும் ஆழத்தில் தள்ளிவிட்டேன் என்று புரிந்தது. ஆறாவது குறிப்பைச் சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை.

அதன் பிறகு வாசலில் காவலர் ஒருவர் யாரையோ தடுத்து, உள்ளே விசாரணை நடக்கிறது என்று சொல்வது கேட்டது. "நடக்கட்டும் தம்பி, அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று ஒரு குரல் கேட்டது. என் மனைவி கையில் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள். யார் என்று ஆய்வாளர் கேட்டார். "இவரு சம்சாரம். பல்பு வாங்கப் போனவரைக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாள்.

நான் இங்கே இருப்பது எப்படித் தெரியும் என்று ஆய்வாளர் கேட்டதற்கு, குளியலறையில் நான் இரண்டு முறை சொல்லிப் பார்த்ததைக் கதவுக்கு வெளியே நின்று இரண்டு முறையும் கேட்டதாகச் சொன்னாள். குழாய்ச் சத்தத்தில் மூன்றாவது குறிப்பு மட்டும் சரியாகக் கேட்கவில்லை என்றாள். நான் கிளம்பிய பிறகு அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே வந்ததாகவும், வழியில் காய்கறி மலிவாகக் கிடைத்ததால் சிறிது தாமதம் ஆனதாகவும் சொன்னாள்.

அதன் பிறகு, கண்ணாடிக் கூட்டில் இருந்ததைப் பற்றி அவளுக்கு ஏதாவது தெரியுமா என்று ஆய்வாளர் கேட்டார். அதற்கு என் மனைவி சொன்னதாவது: கூட்டைத் துடைக்கத் திறந்தபோது பென் டிரைவ் அகப்பட்டது. என்னவென்று பார்க்க வீட்டுக் கணினியில் போட்டாள். அதில் மண்புழுவைப் பற்றி நான் பேசினேன். அன்றிலிருந்து காலையில் நான் நூலகத்துக்குப் போனதும் அதை எடுத்துப் போட்டுக் கேட்டபடியே சமைப்பாள், நான் திரும்புவதற்குள் கூட்டில் வைத்துவிடுவாள். ஒருநாள் இடம் தீரப்போகிறது என்று கணினி சொன்னது. மகளிடம் தொலைபேசியில் வழி கேட்டு, பழையவற்றை எல்லாம் வீட்டுக் கணினிக்கு மாற்றினாள். அதன் பிறகு இடம் குறையும்போதெல்லாம் அப்படியே செய்து வந்தாள்.

அழித்துவிட்டீர்களா, மாற்றி வைத்தீர்களா என்று கத்திரி கேட்டார். "அழிப்பனா? ஜாதகம் வெச்சிருக்க மாதிரி வெச்சிருக்கேன்" என்றாள் என் மனைவி.

இதை ஏன் கணவரிடம் சொல்லவில்லை என்று ஆய்வாளர் கேட்டார். "மறைச்சு வெச்சுக்கிட்டு ஒரு மாதிரி சந்தோஷமா இருந்தாரு. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்" என்றாள். அவ்வளவையும் கேட்டீர்களா, விலங்கியல் முழுவதுமா என்று ஆய்வாளர் மறுபடியும் கேட்டார். அதற்கு என் மனைவி சொன்னதை அவள் சொன்னபடியே எழுதிக்கொள்ள எழுத்தரிடம் கேட்டுக்கொள்கிறேன்:

"கேக்காம? வீட்ல இவரு நாலு வார்த்தை சேந்தாப்ல பேச மாட்டாரு. அதுல ஒரு மணி நேரம் பேசுறாரு. விடுவேனா?"

வெண்கலத்தின் பதிவுகளும் இருந்தனவே, அவை எப்படி என்று கத்திரி கேட்டார். அவை நன்றாக இருந்தன, கேட்கும்போது எழுந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்போல இருந்தது என்றாள். நான் வாக்கியத்துக்கு முன்னால் விடும் மூச்சைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்தேன். அது விசாரணைக்குத் தேவையில்லை என்பதால் கேட்கவில்லை.

அதன் பிறகு ஆய்வாளர் உத்தரவின்படி, ஒரு காவலரும் கத்திரியும் மேலாளரும் என் மனைவியோடு வாகனத்தில் எங்கள் வீட்டுக்குப் போய்த் திரும்பினார்கள். வீட்டுக் கணினியில் இருந்தவை, பென் டிரைவில் இருந்தவை, நான் வராத நாட்களில் இரண்டாவது வட்டில் சேர்ந்தவை ஆகிய மூன்றையும் கத்திரி சேர்த்துப் பார்த்தார். வட்டு நின்ற அன்று காலை முடிந்த ஒரு பாடம் மட்டும் எதிலும் இல்லை. அது என்னுடையது, முதுகெலும்பிகளின் செரிமானம். அதை மறுபடியும் வாசித்துக் கொடுப்பதாக ஒப்புக்கொள்கிறேன். திரும்பி வந்த கத்திரியின் கழுத்தில் காதொலிப்பான் மாட்டியிருந்தது. எங்கள் வீட்டில் என் மனைவி அவருக்குத் தேநீரும் கொடுத்து, என் சிறுவயதுப் படத்தையும் காட்டியிருக்கிறாள் என்று தெரிந்தது.

மேலாளர் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தார். கத்திரியிடம் ஏதோ சொல்ல வந்து, தொண்டையைச் செருமினார். கத்திரி, "இதையெல்லாம் வெட்டிரலாம் சார், விடுங்க. நான் திங்கக்கிழமை அங்க போய்ச் சேரணும், அதுக்குள்ள அந்த ஒரு பாடத்தை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். பென் டிரைவ் விதியை மீறியதற்கு என் மேல் என்ன நடவடிக்கை என்று நானே கேட்டேன். அந்தச் செரிமானம் முடியட்டும், பிறகு யோசிப்போம் என்று மேலாளர் சொன்னார். அதன் பிறகு, கூடத்தின் நகல் ஏற்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். முடியும், ஆனால் நான் எழுதியதை வேறு யாராவது ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்றேன்.

இவை முடிந்த பிறகு எழுத்தர் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் நன்றாக வாசித்தார், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தினார். ஆரம்பத்தில் எழுதிய ஆறு குறிப்புகளில் கடைசியை அடித்துவிடும்படி கேட்டேன். எழுதிய பிறகு அடிப்பது வழக்கமில்லை, தவறு என்றால் தவறு என்று கீழே சொல்லிக் கையெழுத்துப் போடலாம் என்றார். அப்படியே செய்கிறேன்.

முதல் ஐந்து குறிப்புகளும் நான் அறிந்தவரை உண்மை. ஆறாவது குறிப்பு தவறு. என் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

(கையெழுத்து)

உடனிருந்து கேட்டவர்: மேற்படியாரின் மனைவி (கையெழுத்து)